ஒன்றுக்கு ஐம்பது

இந்த இயந்திரம் ரத்தத்துக்குப் பழகியது.
ரத்தத்தில் அமோனியா ஒரு சிட்டிகை,
சிறுநீரில் மரக்கால் கணக்கு.
அப்படியே ஊற்றினால் எண் வராது,
திரையில் மேல்நோக்கி ஓர் அம்பு மட்டும் வரும்.
அதனால் ஒரு பங்குக்கு
நாற்பத்தொன்பது பங்கு நீர் சேர்த்து
சீட்டில் எழுதுவேன்: ஒன்றுக்கு ஐம்பது.
புதிதாய்ச் சேர்ந்த ஜெபசீலி
முதல்நாள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.
ஒன்பது வருஷமாய் எனக்குத் தோன்றவே இல்லை.

தண்டையார்பேட்டை, இரண்டாம் மாடி.
கீழே லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்கள்.
வடக்கிலிருந்து காற்று அடிக்கும் இரவுகளில்
வெறும் நீரை வைத்தாலும்
இயந்திரம் ஏதோ ஓர் எண் சொல்லும்.
சர்வீஸ்காரர் வந்து ஊசியை மாற்றினார்,
விளக்கை மாற்றினார்,
கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடி
"ரூமை மாத்துங்க மேடம்" என்றார்.
நல்ல யோசனை.

புதன்கிழமை காலை வரதப்பன் வந்தார்.
டிரெய்லர் ஓட்டுகிறவர். மூன்று முறை கல்.
கையில் இருபத்துநாலு மணிநேர கேன்.
ஐஸில் வைக்க வேண்டும், மூடி இறுக்கமாக,
முடிந்த கையோடு கொண்டுவர வேண்டும்;
அச்சடித்த தாள் எட்டாய் மடிந்து
அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"ஞாயித்துக்கெழம ராத்திரி ஆரம்பிச்சேன் மேடம்,
எண்ணூர் ரோட்ல க்யூ.
திங்கக்கெழம ராத்திரி இது முடிஞ்சிச்சி,
க்யூ முடியல."
ஐஸ்?
"கிளீனர் பையன் காசிமேட்டுக்கு நடந்து போய்
ஒரு கூடை வாங்கியாந்தான், மீனுக்குப் போடறது.
வண்டிகிட்ட வர்றதுக்குள்ள பாதி தண்ணி."

அளந்தேன். எண்ணூறு மில்லி.
எண்ணூர் ரோட்டில் எண்ணூறு.
இதற்கும் ஜெபசீலி சிரித்திருப்பாள்,
மூக்கைப் பொத்தாமல் இருந்திருந்தால்.

தூக்கிக் கொட்ட வேண்டிய மாதிரி.
கேபின் சூட்டில் கிருமிகள் ஷிப்ட் போட்டு
யூரியாவை உடைத்துத் தள்ளியிருக்கின்றன.
தெரிந்தும் வைத்தேன்.
ஒன்றுக்கு ஐம்பது: அம்பு.
ஒன்றுக்கு இருநூறு: அம்பு.
ஐந்நூறில்தான் இறங்கி வந்தது.
கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி
கலவைக்குள் புகுந்து வெளியே வரும்;
கலவை எவ்வளவு தெளிகிறதோ
அவ்வளவு அமோனியா.
அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

இது அவர் சிறுநீரகம் சொல்கிற எண் அல்ல.
துறைமுக கேட்டுக்கு வெளியே
இரண்டு ராத்திரி, ஒரு முழுப்பகல், இன்னும் கொஞ்சம்
கைப்பிரேக்கில் நின்ற எண்.
அதற்கு அலகு என்ன என்று எனக்குத் தெரியாது.
கம்ப்யூட்டரில் இரண்டே கட்டங்கள்:
ஏற்பு, நிராகரிப்பு.
இரண்டாவதைத் தட்டி
குறிப்பில் 'தாமதம்' என்று போட்டேன்.
யாருடைய தாமதம் என்று போட இடமில்லை.

மறுபடி எடுக்கணும் என்றேன்.
கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"டாக்டர் மூணு லிட்டர் குடின்றாரு.
குடிச்சா எறங்கணும்,
எறங்கினா பின்னாடி இருக்கறவன் பூந்துடுவான்.
அதனால குடிக்கறதே இல்ல மேடம்.
இந்த ஒரு வாட்டிதான், கேன் இருக்குதேன்னு,
கொஞ்சம் குடிச்சேன்."

எண்ணூறு மில்லி,
கொஞ்சம் குடித்த பிறகு.

புது கேனை நீட்டினேன்.
வாங்கியவர் போகவில்லை.
கழுத்துத் துண்டை எடுத்தார், மறுபடி போட்டார்.
"இன்னொண்ணு கெடைக்குமா?
டெஸ்ட்டுக்கு இல்ல."

நான் பதில் சொல்வதற்குள்
ஜெபசீலி அலமாரியைத் திறந்திருந்தாள்.
பெரியதாய்ப் பார்த்து, ஐந்து லிட்டர் கேன்,
மூடி சரியாகத் திருகுகிறதா என்று
இரண்டு தடவை திருகிப் பார்த்துக் கொடுத்தாள்.
அதில் மட்டும் பார்கோடு ஒட்டவில்லை.

மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது
ஒரு கேன் குறையும்.
உடைந்தது என்று எழுத வேண்டும்.